நான்கு டிக், பன்னிரண்டு தையல்காரர்கள்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். இத்தனை வருடம் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தவன் தான் சாதித்ததை எழுதுவான் என்று எதிர்பார்த்திருக்கலாம். சாதித்தது பெரிதாக ஒன்றுமில்லை. நின்றுபோனதை மறுபடி ஓடவைத்தேன். அதை நீங்களும் செய்வீர்கள். நான் செய்த ஒரு காரியத்தால் சுகந்தி என்ற பெண்ணின் வேலை போனது. அதைத்தான் எழுதப்போகிறேன். நடுவில் சிரிப்பு வரும் இடங்கள் உண்டு, தாராளமாகச் சிரியுங்கள். நடந்த அன்று நானே ஓரிரு இடத்தில் சிரித்தேன். அப்போது நான் சிரித்திருக்கக் கூடாது.

தி.நகரில் ஆறு மாடி ஜவுளிக்கடை. பெயர் வேண்டாம். முன்பக்கம் வாடிக்கையாளருக்கு, பின்பக்கச் சந்து ஊழியர்களுக்கு. கடையின் எல்லா அப்ளிகேஷன்களும் ஒரே மென்பொருள் மேடையில் இருந்தன: ஊழியர் பதிவேடு ஒன்று, வாசல் கார்டுக்கு ஒன்று, கேன்டீனுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் சொந்த டேபிள்கள், அதாவது தகவல் அட்டவணைகள். ஒரு அப்ளிகேஷன் இன்னொன்றின் டேபிளைத் தொட வேண்டுமானால் அந்த டேபிளின் அனுமதிப் பக்கத்தில் டிக் இருக்க வேண்டும். அங்கே நான்கு பெட்டிகள். படிக்கலாம், புதிதாகச் சேர்க்கலாம், திருத்தலாம், நீக்கலாம். அந்த நான்கு பெட்டிகளுக்கும் காவல்காரன் நான். சம்பளமே அதற்குத்தான் என்றுகூடச் சொல்லலாம்.

சுகந்தி ஒப்பந்த ஊழியர். கோடம்பாக்கத்துக்காரர், சினிமாவில் லைட்மேனாக இருந்தவரின் மகள். கணவர் இல்லை, மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் உண்டு. அந்தப் பங்குனி முடிவதற்குள் அவரை நிரந்தரமாக்குவதாக ஜெனரல் மேனேஜர் சொல்லியிருந்தார். உத்தரவு டைப் ஆகி, கையெழுத்துக்காக அவர் மேஜையில் இருந்தது. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். சுகந்தி அதை நம்பி மகளின் பள்ளிக்குப் பக்கத்தில் வீடு பார்க்க ஆரம்பித்திருந்தார்.

அவர் எழுதியதுதான் கேன்டீன் அப்ளிகேஷன். கேன்டீனை நடத்திய செல்வம் சாந்தோம் குப்பத்துக்காரர், சமையலில் கெட்டிக்காரர், அரிசி விஷயத்தில் மட்டும் யாரையும் நம்பமாட்டார். சாப்பாட்டுக்குப் பெயர் பதிந்துகொண்ட ஆள் வராமல் போனால் சோறு மிஞ்சுகிறது என்பது அவர் புகார். தீர்வையும் அவரே சொன்னார்.

“யம்மா, பதிஞ்சவன் பதினஞ்சு நாளு துன்ன வர்லன்னு வையி, அவன் வேலைய வுட்டு பூட்டான்னு அர்த்தம். என் சோத்த வுட்டு வேற எங்க போவான்? அவன் பேர லிஸ்ட்லேந்து தூக்கிடு.”

சுகந்தி அப்படியே எழுதினார். பதினைந்து நாள் சாப்பிட வராதவரின் ‘நிலை’யை ‘விலகியவர்’ என்று மாற்ற வேண்டும். தன்னுடைய கேன்டீன் டேபிளில் மாற்ற வேண்டியதை, கவனம் பிசகி, ஊழியர் பதிவேட்டு டேபிளில் மாற்றும்படி எழுதிவிட்டார். இரண்டிலும் ‘நிலை’ என்று ஒரு கட்டம் இருந்தது. இந்த மாதிரிப் பிசகு நம் தொழிலில் எல்லோருக்கும் வாரம் ஒன்று நடக்கும். மேடை அதை விடவில்லை. கேன்டீனுக்குப் படிக்கத்தான் அனுமதி, திருத்த அனுமதி கிடையாது என்று மறுத்துவிட்டது. மறுத்தது சரி.

சுகந்தி எனக்கு ஒரு மெயில் எழுதினார். இப்போதும் வரிக்கு வரி சொல்வேன். “சார், கேன்டீனுக்கு ஊழியர் டேபிளைப் படிக்க அனுமதி இருந்தால் போதும், அது இருக்கிறது. ஆனாலும் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று வருகிறது. அப்ளிகேஷன் எதைச் செய்யப் பார்க்கிறது என்று கொஞ்சம் பார்த்துச் சொல்ல முடியுமா?”

இதைவிட ஒழுங்காக ஒருவர் கேட்க முடியாது. பத்து நிமிடம் பார்த்திருந்தால் போதும். அப்போது மார்கழி, கச்சேரி சீசன். மயிலாப்பூரில் ஒரு சபா கேன்டீனில் என் மைத்துனர் எனக்கும் சேர்த்து இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார். போன் வந்தது.

“அத்திம்பேர், இலை போட்டாச்சு. பக்கத்து நாற்காலில துண்டப் போட்டுண்டு ஊர்ப்பட்ட பேச்சு வாங்கிண்டிருக்கேன். வரேளா, இல்லையா?”

“இன்னிக்கு என்ன?”

“வாழைப்பூ வடை. அக்காரவடிசல். ரெண்டாவது பந்தியில அக்காரவடிசல் இருக்குமான்னு அவாளே சொல்ல மாட்டேங்கறா.”

நான் அனுமதிப் பக்கத்தைத் திறந்து நான்கு பெட்டியிலும் டிக் போட்டேன். படிக்க, சேர்க்க, திருத்த, நீக்க. சுகந்திக்குப் பதில் எழுதினேன்: “சரி செய்தாயிற்று. இப்போது பாருங்கள்.” ஆட்டோ பிடித்தேன். அக்காரவடிசல் கிடைத்தது. நன்றாகவே இருந்தது.

நீங்களும் ஒருநாள் இதைச் செய்வீர்கள். மறுப்பு வரும், எல்லாவற்றையும் திறந்துவிட்டால் மறுப்பு போய்விடும், போன் செய்தவர் நன்றி சொல்வார். என்ன மறுக்கப்பட்டது என்று நம்மில் யாருமே பார்த்திருக்கமாட்டோம்.

இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, ரம்ஜான் நோன்பு ஆரம்பிப்பதற்குச் சில நாள் முன்னால், மூன்றாவது மாடி மேனேஜர் வேலையிலிருந்து விலகினார். அதாவது, விலகவில்லை. டாக்டர் சொல்லி பதினைந்து நாளாகச் சுரைக்காய் ஜூஸ் மட்டும் குடித்துக்கொண்டிருந்தார். கேன்டீன் அவரை வேலையை விட்டவராக்கியது. பதிவேட்டில் ஒருவர் ‘விலகியவர்’ ஆனால் இரண்டு விஷயம் தானாக நடக்கும். வாசல் கார்டு மூடிக்கொள்ளும். அவருக்கும் அவர் பிரிவில் இருக்கும் எல்லோருக்கும், அவர் வேலைக்குச் சேர்ந்த நாளில் எடுத்த போட்டோவுடன், ஒரு வாழ்த்துச் செய்தி போகும்: “தங்கள் சேவைக்கு நன்றி. தங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்.”

அவர் மாடியில் புடவை மடிக்கும் பெண்கள் பத்து மணிக்கெல்லாம் கேக் வாங்கிவிட்டார்கள். அவர் வந்தபோது வெட்டி முடித்திருந்தார்கள்.

“யாரைக் கேட்டு வெட்டினீங்க?” என்றாராம்.

“உங்களுக்கும் ஒரு பீஸ் எடுத்து வச்சிருக்கோம் சார். டயட்டுன்னுதான் குடுக்கல.”

நான் அவர் பதிவைக் கையால் திருத்தினேன். மூடிய கார்டைத் திறப்பது மட்டும் என் கையில் இல்லை, கார்டு கம்பெனி ஆள் வந்துதான் திறக்க வேண்டும். மாலைவரை அவர் வாடிக்கையாளர் வாசல் வழியாக வந்துபோனார். அங்கே பன்னீர் தெளித்து வரவேற்கும் பெண் ஒவ்வொரு முறையும் அவர்மேல் தெளித்தாள். நான் மேலிருந்து சிரித்தேன். ஏன் இப்படி ஆனது என்று தேடவில்லை. ஒரே ஒருவருக்கு நடந்ததை விதிவிலக்கு என்று நினைத்தேன். அபாய மணி அடித்தபோது எழுந்து பார்க்காமல் மணியை மட்டும் கழற்றி வைத்தேன்.

எங்கள் ஆல்டரேஷன் பிரிவில் பன்னிரண்டு தையல்காரர்கள். பன்னிரண்டு பேரும் முஸ்லிம்கள், தலைமுறையாக இந்தத் தொழிலில் இருக்கும் குடும்பங்கள். மாஸ்டர் இப்ராஹிம் பாய். எல்லோரும் செல்வத்தின் கேன்டீனில் பதிந்தவர்கள். நோன்பு ஆரம்பித்தது. பதினைந்து நாள் ஆனது. அடுத்தது என்ன என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். எனக்குத்தான் தெரியவில்லை.

காலை ஒன்பதரைக்குப் பின்வாசல் காவலர் பீட்டரிடமிருந்து போன். நான் கீழே போனபோது சந்தில் பன்னிரண்டு பேரும் வரிசையாக நின்றார்கள்.

“இன்னா சார் இது,” என்றார் பீட்டர். “கார்டு வச்சா சேப்பு லைட்டு எரியுது. பாய் வேலைய வுட்டு போய்ட்டாருன்னு மெஷினு சொல்லுது. பாய் இங்க நின்னுகினு கீறாரு. நான் மெஷின நம்புறதா, பாய நம்புறதா?”

“பாயை நம்புங்க,” என்றேன்.

“நம்புறேன் சார். ஆனா உள்ள வுட மாட்டேன். கார்டு இல்லாம எவனையும் வுட்டா எனக்கு வேலை கெடையாதுன்னு மொதலாளி சொல்லிக்கீறாரு.”

இப்ராஹிம் பாய் போனை நீட்டினார். வாழ்த்துச் செய்தி. இருபத்தைந்து வயதில் அடர்ந்த மீசையோடு அவர் போட்டோ.

“காலையில வந்துச்சு சார். நம்ம கடையில ரம்ஜானுக்கு வாழ்த்து அனுப்புறாங்கன்னு நெனச்சேன். போட்டோல்லாம் போட்டு எவ்ளோ மரியாதையா அனுப்பிருக்காங்கன்னு வீட்ல காட்டினேன். ‘உங்களுக்கும் வாழ்த்துகள்’னு பதில்கூட போட்டுட்டேன்.”

நான் மேலே ஓடினேன். பன்னிரண்டு பதிவையும் திருத்த ஐந்து நிமிடம் ஆனது. கார்டு கம்பெனி ஆள் மாலை நான்கு மணிக்குத்தான் வருவேன் என்றார். முன்வாசல் வழியாகக் கூட்டிவந்தாலும் பயனில்லை, ஆல்டரேஷன் அறையின் கதவும் அதே கார்டில்தான் திறக்கும். கையால் திறக்கும் சாவி பாதுகாப்பு அதிகாரியிடம். பாதுகாப்பு அதிகாரி திருப்பதியில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து மந்தைவெளியிலிருந்து ஒரு மாமி வந்துவிட்டார். அண்ணன் பெண்ணுக்கு அன்று மாலை ராஜா அண்ணாமலைபுரத்தில் வரவேற்பு. எங்கள் கடையில் தைத்த பிளவுஸ், கை முழுக்க மணியும் முத்தும் கோத்த ஆரி வேலை. கை இறுக்கம். ஆல்டரேஷன் கவுன்டரில் ஆளே இல்லை. கவுன்டர் பெண் எனக்குப் போன் போட்டு மாமியிடமே கொடுத்துவிட்டாள்.

“கல்யாணப் பொண்ணு ஆத்துல அழுதுண்டிருக்கா. கைய மடக்கினா தையல் விட்டுடும்ங்கறா. இங்க தைக்கறவா எல்லாரும் வேலையை விட்டுட்டாளாமே, ஒரே நாளில பன்னெண்டு பேரும் விடறதுக்கு என்ன பண்ணினேள் அவாளை?”

“விடலை மாமி. பின்பக்கம் சந்துல நிக்கறா.”

“சந்துல ஏன் நிக்கறா?”

“கதவு திறக்கலை.”

“அவா உள்ள வர முடியாதுன்னா நான் வெளில போகப்படாதா?”

எனக்கு இது தோன்றவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். பிளவுஸ் மாமியின் கைப்பையில் இருந்தது. பாயின் சட்டைக் காலரில் எப்போதும் இரண்டு ஊசி குத்தியிருக்கும். நூல் கடை சந்து முனையில். நான் மறுபடி சந்துக்கு இறங்கி வந்து ஒரு மணி நேரமாகக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமி முன்வாசல் வழியாக வெளியேறி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, சுற்றி வந்து சந்தில் பாயின் முன்னால் நின்றார். பீட்டர் தன் ஸ்டூலைப் பாய்க்குக் கொடுத்தார். நிழல் இல்லை. பங்குனி வெயில். பாய் ஆரி வேலையில் ஒரு மணிகூட உதிராமல் கைத்தையலைப் பிரித்து, உள்மடிப்பை விட்டு, மறுபடி கையால் தைக்க ஆரம்பித்தார். மாமி குடையை விரித்து அவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார்.

“நீங்க தள்ளி நில்லுங்கம்மா, கை வலிக்கும்,” என்றார் பாய்.

“ஒரு வாய் தண்ணி கூடக் குடிக்காம தைக்கறேள். குடை பிடிச்சா எனக்குக் கை உடைஞ்சுடாது. அந்த ஓரத்துல பாருங்கோ, ஒரு முத்து ஆடறது.”

“பாத்துட்டேம்மா. அத மொதல்லயே பாத்துட்டேன்.”

பன்னிரண்டரைக்கு மாமி பிளவுஸோடு கிளம்பினார். போகும்போது என்னைப் பார்த்து, “நீங்கதான் கம்ப்யூட்டரா?” என்றார். ஆமாம் என்றேன். குடையை மடக்கிக்கொண்டு போய்விட்டார்.

இனிச் சொல்லப்போவதில் சிரிக்க ஒன்றுமில்லை.

மேலே வந்து காரணத்தைத் தேடினேன். மூன்று நிமிடத்தில் கிடைத்தது. கேன்டீனுக்குத் திருத்தும் அனுமதி இருந்தது, அதைக் கொடுத்தவன் நான். முதல் காரியமாக, சேர்க்க, திருத்த, நீக்க என்ற மூன்று டிக்கையும் எடுத்தேன். அது சரியான காரியம்தான், ஆனால் பிறகு யாரும் பார்த்தால் அங்கே ஒன்றும் இருக்காது என்ற நினைப்போடு எடுத்தேன். இரண்டும் சேர்ந்தே மனதில் இருந்தன.

மூன்று மணிக்குக் கூட்டம். ஜெனரல் மேனேஜர், நான், சுகந்தி, செல்வம், முன்வாசல் வழியாக வந்த இப்ராஹிம் பாய், மூன்றாவது மாடி மேனேஜர், வேறு பிரிவுகளிலிருந்து ஐந்து பேர். முதலாளிக்கு விஷயம் போய்விட்டதால் ஜெனரல் மேனேஜருக்கு அன்றைக்கே ஒரு பெயர் வேண்டியிருந்தது.

செல்வம் ஆரம்பித்தார். “நான் சோத்து லிஸ்ட்லேந்து தூக்கத்தான் சொன்னேன் சார். வேலய வுட்டா தூக்க சொன்னேன்?”

சுகந்தி எழுந்து நின்றார். “நான் எழுதின கோட்லதான் சார் தப்பு. வேற டேபிளைத் திருத்துற மாதிரி எழுதிட்டேன். காலையிலதான் பார்த்தேன்.”

ஜெனரல் மேனேஜர் என் பக்கம் திரும்பினார். “நீங்க என்ன சொல்றீங்க?”

சுகந்தியும் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: “டெக்னிக்கலா, மாற்றம் அவங்க அப்ளிகேஷன்லேருந்துதான் போயிருக்கு.”

இந்த வாக்கியத்தில் ஒரு பொய்கூடக் கிடையாது. எந்தக் கோர்ட்டிலும் நிற்கும். சுகந்தி உட்கார்ந்துவிட்டார். மேஜைமேல் இருந்த உத்தரவு கையெழுத்தாகவில்லை. சனிக்கிழமை அவருடைய ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. போகும்போது கேன்டீன் அப்ளிகேஷனுக்கு அழகாக ஒரு குறிப்பு எழுதி வைத்துவிட்டுப் போனார், அடுத்து வருபவருக்கு எல்லாம் புரியும்படி.

நான் மறுவருடம் ஓய்வு பெற்றேன். மாலையெல்லாம் போட்டார்கள். எனக்கும் அந்த வாழ்த்துச் செய்தி வந்தது, மீசை வைத்த என் பழைய போட்டோவோடு.

வீட்டில் சும்மா இருக்கும்போது மனிதனுக்கு ஒரே வாக்கியம் திரும்பத் திரும்பக் கேட்கும். எனக்கு ‘டெக்னிக்கலா’ கேட்டது. ஒன்றரை வருடம் கேட்டபின் ஜெனரல் மேனேஜரைப் போய்ப் பார்த்து நடந்ததைச் சொன்னேன்.

“சார், நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க,” என்றார். “இப்ப எதுக்கு இதெல்லாம்? உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?”

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். ஒரு கடிதம் வேண்டும் என்று கேட்டு உட்கார்ந்தேன். இரண்டு காபி வரும்வரை உட்கார்ந்ததும் கொடுத்துவிட்டார். சம்பவத்துக்கு முதன்மையான காரணம் அனுமதி வழங்கியதில் நேர்ந்த கவனக்குறைவு, அதற்கு சுகந்தி பொறுப்பல்ல என்று இருந்தது. கையெழுத்து, முத்திரை எல்லாம் உண்டு.

சுகந்தி இப்போது அடையாறில் ஒரு கம்பெனியில் இருக்கிறார். எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்திருக்கிறார். மகளைப் பள்ளி மாற்ற வேண்டி வந்திருக்கிறது. இதெல்லாம் அவர் சொல்லவில்லை, விசாரித்தபோது தெரிந்தது. மத்தியான இடைவேளையில் கீழே வந்து, கடைசிவரை நின்றுகொண்டே கடிதத்தைப் படித்தார்.

“இது எனக்கு அன்னிக்கே தெரியும் சார்,” என்றார்.

“எப்படி?”

“அனுமதிப் பக்கத்துக்குக் கீழ ஹிஸ்டரின்னு ஒண்ணு இருக்கே. மார்கழியில நாலு டிக் போட்டது, மீட்டிங் அன்னிக்கு மத்தியானம் மூணு டிக் எடுத்தது, நேரத்தோட உங்க பேர் இருந்துச்சு. மீட்டிங்குக்கு முன்னாடியே பார்த்துட்டேன்.”

அந்தப் பக்கத்தின் காவல்காரன் நான். அதற்கு ஹிஸ்டரி உண்டு என்பது அன்று என் நினைவுக்கே வரவில்லை.

“பின்ன ஏம்மா மீட்டிங்ல சொல்லல?”

“நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன் சார். என் தப்பும் இருந்துச்சு இல்ல? அதை நான் சொல்லிட்டேன். உங்களுதை நீங்க சொல்லணும்.” கடிதத்தை மடித்தார். “இதை யார் யார் படிச்சிருக்காங்க?”

“ஜெனரல் மேனேஜர். நான். இப்ப நீங்க.”

“அந்த ரூம்ல நம்ம மூணு பேரைத் தவிர எட்டு பேர் இருந்தாங்க சார்.”

கோபமே இல்லாமல் சொன்னார். லிப்ட் வந்தது, மேலே போய்விட்டார்.

அதிலிருந்து அந்த எட்டுப் பேரைத் தேடிப் போய்க்கொண்டிருக்கிறேன். செல்வம் சொன்னார்: “அடப்பாவி சார், ரெண்டு மூணு வருசமா அந்தப் பொண்ண என் வாயால திட்டிகினு கீறேனே. அத யாரு திரும்ப எடுக்கறது?” மூன்றாவது மாடி மேனேஜர், எழுத்தில் தர முடியுமா என்று கேட்டார், தந்தேன். இப்ராஹிம் பாய் கடைசிவரை கேட்டுவிட்டு, “அன்னிக்கே தெரியும் சார். நீங்க சந்துல நின்ன நிலையப் பாத்தா கார்டு மூடினவன் மாதிரியே இருந்தீங்க,” என்றார். பிறகு, “அந்தப் பொண்ணு கிட்ட சொல்லிட்டீங்களா?” என்று கேட்டார். சொல்லிவிட்டேன் என்றதும் தலையசைத்தார். உட்காரச் சொல்லவில்லை.

ஆறு பேர் முடிந்ததும் சுகந்திக்கு ஒரு செய்தி அனுப்பினேன். ஒரு வரியில் பதில் வந்தது: “மீதி ரெண்டு பேர் சார்?”

மீதி இருவரில் ஒருவர் அன்று மூன்று மாதப் பயிற்சிக்காக மனிதவளப் பிரிவில் இருந்த பெண். இன்னொருவர் கிடங்கிலிருந்து வந்தவர், கண்ணாடி போட்டிருந்தார், அவர் பெயரை நான் அன்றே கேட்டுக்கொள்ளவில்லை. இருவரும் கடையை விட்டுப் போய்விட்டார்கள், எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. இந்தத் தொழிலில் ஆட்கள் இடம் மாறிக்கொண்டே இருப்பதால், அவர்களில் ஒருவர் இப்போது உங்கள் அலுவலகத்தில் இருக்கலாம். தி.நகர் கடையில் பன்னிரண்டு தையல்காரர்கள் சந்தில் நின்ற கதையை யாராவது சிரித்துக்கொண்டே சொன்னால், சுகந்தியின் பெயர் வரும் இடத்தில் நிறுத்தி, இந்தக் குறிப்பின் அடியில் கையெழுத்திட்டிருக்கும் என் பேரைச் சொல்லுங்கள். நான்கு பெட்டியிலும் டிக் போட்டவன் நான். அறையில் கேட்டபோது சொல்லாதவனும் நான்தான்.